வெள்ளிக்கிழமைத் தாள்

சிவகாமசுந்தரி டீச்சரைப் பற்றி மலாக்காவின் காஜா பேராங்கில் இரண்டு பேச்சு இருந்தது. பாடமே நடத்துவதில்லை, பிள்ளைகளை ஆடு மேய்ப்பதுபோல் தெருத்தெருவாக ஓட்டிக்கொண்டு போகிறாள் என்பது ஒன்று. அவளிடம் படித்த பிள்ளை வாயைத் திறந்தால் மூடுவதில்லை என்பது இன்னொன்று. இரண்டுமே உண்மை. அவளும் மறுத்ததில்லை.

ஐம்பத்தேழாம் வருடம் அவளுக்கு முப்பத்து மூன்று வயது. கல்யாணம் ஆகவில்லை. கேட்டு வந்த இரண்டு பேரையும் வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். செமாபோக்கில் ஒரு வீட்டின் பின்னறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு தினமும் சைக்கிளில் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். பள்ளிக்கூடம் என்றால் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். தகரக் கூரை போட்ட ஓர் அறை, ஒரே ஆசிரியை, மூன்று வகுப்பும் சேர்த்து இருபத்திரண்டு பிள்ளைகள். மழை பெய்தால் டீச்சர் பேசுவது முன்வரிசைக்கு மட்டும்தான் கேட்கும்.

திங்கட்கிழமை காலையில் கரும்பலகையில் ஒரே ஒரு கேள்வியை எழுதுவாள். விடை சொல்ல மாட்டாள். பிள்ளைகள் வாரம் முழுக்கப் போய்ப் பார்த்து, தொட்டு, நாலு பேரைக் கேட்டு, வெள்ளிக்கிழமைக்குள் தாங்களே ஒரு விடையோடு வர வேண்டும். ‘சில வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் மட்டும் ஏன் கரிக்கிறது?’ என்று ஒரு வாரம் எழுதினாள். இருபத்திரண்டு பேரும் ஆளுக்கொரு கொட்டாங்கச்சியோடு ஒன்பது வீட்டுக் கிணற்றைச் சுவைத்துப் பார்த்தார்கள். கயிற்றை முழம் போட்டு ஆழம் அளந்தார்கள், வீட்டுக்காரர் பெயரை எழுதிக்கொண்டார்கள், கரித்த கிணற்றுக்குக் கறுப்புப் புள்ளியும் நல்ல கிணற்றுக்கு வெள்ளைப் புள்ளியும் வைத்துப் படம் போட்டார்கள். கறுப்புப் புள்ளி எல்லாம் கடல் பக்கம் இருப்பதை வியாழக்கிழமை அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை மூன்று பேருக்கு வயிற்றுப்போக்கு. கணக்கும் எழுத்தும் பூகோளமும் ஒரே வாரத்தில் முடிந்ததே என்று டீச்சருக்கு ஒரே சந்தோஷம். வயிறு கெட்ட பிள்ளைகளின் வீட்டில் என்ன சொன்னார்கள் என்பது வேறு கதை.

அந்த வருடம் அங்கே சுதந்திரம் வந்த மாதத்தில் கேள்வியைப் பிள்ளைகளே எழுதினார்கள்: ‘புதுக் கொடியில் ஏன் பதினொரு கோடு?’ கடைக்காரரைக் கேட்டார்கள், பெச்சா என்னும் மூன்று சக்கர வண்டி மிதிப்பவரைக் கேட்டார்கள், சந்தியில் நின்ற போலீஸ்காரரை இரண்டு நாள் விடாமல் கேட்டார்கள். மூன்றாம் நாள் அந்தப் போலீஸ்காரரே பள்ளிக்கு வந்து, விடை தெரிந்தால் தனக்கும் சொல்லும்படி கேட்டுவிட்டுப் போனார்.

அவள் இப்படி ஆனதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. புக்கிட் ரம்பாய் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியின் மகளாகப் பிறந்தவள். ஏழு வயதில், ரப்பர் மரத்திலிருந்து வருவது ஏன் வெள்ளையாக இருக்கிறது என்று வாத்தியாரைக் கேட்டதற்காக வெயிலில் முட்டி போட்டவள். முட்டி ஆறிவிட்டது, கோபம் ஆறவில்லை. தன் வகுப்பில் கேட்காத பிள்ளைதான் குற்றவாளி என்று வைத்துக்கொண்டாள்.

பாடத்தில்தான் இந்தப் புதுமை என்றால், வாரக் கடைசியில் இன்னொரு புதுமை செய்தாள். வெள்ளிக்கிழமைத் தாள். ஒரு முழுத்தாளின் நடுவில் கோடு கிழித்து, இடப்பக்கம் ‘இந்த வாரம் கற்றது’, வலப்பக்கம் ‘அடுத்த வாரம் செய்யப்போவது’ என்று பெற்றோருக்கு எழுதுவாள். கரித்தாள் வைத்து அழுத்தி எழுதினால் ஒரு தடவைக்கு நாலு படி விழும். ஆறு தடவை எழுத வேண்டும். வியாழன் மாலை முழுக்க அதற்குப் போய்விடும், விரல் நுனி நீலமாகிவிடும். தாளின் தலையில் பிள்ளையார் சுழி, கீழே அவள் கையெழுத்து. சுழி வெளியே தெரிய நாலாய் மடித்து, “அம்மா கையில குடுக்கணும், தொலைச்சிறக் கூடாது” என்று சொல்லி ஒவ்வொரு பிள்ளையிடமும் கொடுப்பாள். அந்த வருடத்தில் ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறியதில்லை. காய்ச்சலில் கிடந்த வாரத்திலும் படுத்துக்கொண்டே எழுதினாள்.

இருபத்திரண்டில் ஏழு பிள்ளைகள் நகராட்சிக் குடியிருப்பிலிருந்து வந்தவர்கள். மீதிப் பதினைந்து பேரும் பள்ளிக்குப் பக்கத்திலேயே இருந்த செட்டிக் கம்போங், அதாவது செட்டிகளின் குடியிருப்புப் பிள்ளைகள். மலாக்காச் செட்டிகள் என்றால் பல தலைமுறைக்கு முன் வியாபாரத்துக்கு வந்து, இங்கேயே பெண்ணெடுத்து, இங்கேயே நின்றுவிட்ட தமிழர்களின் வழிவந்தவர்கள். பெயர் தமிழ், கோயில் தமிழ், நெற்றியில் திருநீறு. பெண்கள் கட்டுவது சாரோங்கும் கெபாயாச் சட்டையும், பேசுவது மலாய். அவர்கள் பேச்சு மலாய் என்பது சிவகாமிக்குத் தெரியும். அவளும் அவர்களோடு மலாயில்தான் பேசினாள். ஆனால் தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்புகிறவர்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாமலா இருக்கும் என்று அவளாக ஒரு முடிவு கட்டிக்கொண்டாள்.

அதற்கு ஏற்றாற்போல எல்லாம் நடந்தது. அடுத்த வாரம் ஐந்து வகை இலை கொண்டுவர வேண்டும் என்று தாளில் எழுதினால் திங்கட்கிழமை இலை வந்துவிடும். வகுப்பில் வாயாலும் அதைச் சொல்லியிருந்தாள் என்பது அவளுக்கு நினைவில் நிற்கவில்லை. தெருவில் பார்த்தால் செட்டிப் பெண்கள் நெஞ்சுக்கு நேரே கைகூப்பி, “சூராட் சிக்கு பாகுஸ்” என்பார்கள். சிக்கு என்றால் டீச்சர்; டீச்சர் அனுப்பும் கடிதம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு முழுக்க அவள் சைக்கிள் தரையில் ஓடாது. பாராட்டு கிடைத்த இடத்தில் யார்தான் நின்று விசாரிக்கிறார்கள்?

நவம்பர் மாதம் கல்வி அலுவலகத்திலிருந்து பள்ளிக்கு ஒரு கடிதம் வந்தது. வருகிற புதன்கிழமை காலை எட்டிலிருந்து பன்னிரண்டு மணிவரை அதிகாரி வந்து உட்கார்ந்திருப்பார். அடுத்த வருடம் பிள்ளையை இங்கே படிக்க வைக்க விரும்பும் பெற்றோர், பிறப்புப் பத்திரத்தோடு நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். பதினைந்து பேர் சேர்ந்தால் பள்ளி நடக்கும், இல்லையென்றால் ஜனவரியில் கதவு திறக்காது. பள்ளிக்குழுச் செயலாளர் கலியாணசுந்தரம், நகராட்சியில் கிராணி வேலை பார்ப்பவர், கடிதத்தை எடுத்துக்கொண்டு அரக்கப்பரக்க வந்தார்.

“டீச்சர், நம்ம ரெண்டு பேரும் வீடு வீடா ஒரு நடை போயிட்டு வந்துருவமா? நாளைக்கே போவலாம்லா.”

“எதுக்கு சார்? வெள்ளிக்கிழமைத் தாள்ல எழுதிடுறேன். என் தாளைப் படிக்காத வீடு கிடையாது.”

“இல்ல, இது பள்ளிக்கூடத்தோட உசுரு. அதான் வாயால சொன்னா...”

“சார், பத்து மாசமா எழுதுறேன். அவங்களுக்கு நம்ம மேல மரியாதை இருக்கு. வாசல்ல போய் நின்னு கெஞ்சினா அது போயிடும்.”

கலியாணசுந்தரம் சாதுவான மனிதர். டீச்சரிடம் வாதம் பண்ணி ஜெயித்தவர் யாருமில்லை என்பதால் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க அந்தத் தலையாட்டலுக்காக அவர் தன்னையே திட்டிக்கொண்டார்.

அந்த வாரத் தாளில் இடப்பக்கத்தில் நிழலைப் பற்றி நாலே வரி. வலப்பக்கம் முழுக்க புதன்கிழமையைப் பற்றி. தேதி, நேரம், பத்திரம், கையெழுத்து எல்லாவற்றையும் தெளிவாக எழுதி இரண்டு தடவை அடிக்கோடு போட்டாள். பிள்ளைகளிடம் மட்டும் மூச்சு விடவில்லை. பள்ளிக்கூடம் மூடிப்போகலாம் என்ற பயத்தை ஏழு வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றுவானேன் என்று நினைத்தாள். நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணத்தோடு செய்த காரியம் என்பதால் பிற்பாடு யார்மேலும் பழிபோட அவளுக்கு வழியில்லாமல் போய்விட்டது.

புதன்கிழமை பிள்ளைகளுக்கு விடுமுறை கொடுத்துவிட்டு அறையைப் பெருக்கி, மேசைக்குத் துணி விரித்துவைத்தாள். அதிகாரி எட்டு மணிக்கு வந்து உட்கார்ந்தார். எட்டரைக்குள் நகராட்சிக் குடியிருப்பிலிருந்து ஏழு வீட்டுக்காரர்களும் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். பொன்னம்மா என்கிற பெண் வேலைக்குப் போகிற வழியில், கூட்டுகிற விளக்குமாறும் வாளியுமாகவே வந்து போட்டாள். அதோடு சரி. ஒன்பது ஆயிற்று, பத்து ஆயிற்று. செட்டிக் கம்போங்கின் தலைவாசல் பள்ளியிலிருந்து கூப்பிடு தூரம். அந்தப் பக்கமிருந்து ஒருத்தர்கூட வரவில்லை.

பத்தரைக்கு மழை பிடித்தது. மழை விட்டால் வருவார்கள் என்று அதிகாரியிடம் சொன்னாள். மழை விட்டது. அவர் இரண்டாவது தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தபோது, போய் ஒரு குரல் கொடுத்துவிட்டு வரலாமா என்று அவளுக்குத் தோன்றியது. போகவில்லை. எழுதிய பிறகும் வராதவர்களைப் போய் இழுத்துவர வேண்டுமா என்ற ரோஷம். இப்போது இதை எழுதும்போதுகூட, எழுந்து போயேன் அம்மா, இருநூறு அடிதானே என்று கத்த வேண்டும்போல் இருக்கிறது. பன்னிரண்டு அடித்ததும் அதிகாரி பட்டியலில் ஏழு என்று எழுதி, அடியில் கோடு போட்டு, பேனாவை மூடினார். கெட்டவர் இல்லை. “வருத்தமா இருக்கு டீச்சர்” என்று சொல்லிவிட்டுத்தான் காரில் ஏறினார்.

கார் போன பிறகுதான் அவள் போனாள். பயத்தோடு போகவில்லை, கோபத்தோடு போனாள். கம்போங்கில் முதல் வீடு காமாட்சியுடையது. அவள் மகள் பாக்கியத்துக்கு எட்டு வயது, இரண்டாம் வகுப்பு. செட்டிப் பிள்ளைகளில் எழுத்துக்கூட்டித் தமிழ் படிக்கத் தொடங்கிய முதல் பெண் அவள்தான். காமாட்சி வாசலுக்கு ஓடிவந்து வழக்கம்போல் நெஞ்சுக்கு நேரே கைகூப்பினாள்.

சிவகாமி உட்காரக்கூட இல்லை. “காலையில ஏன் வரலை? என் தாள் வந்துச்சா இல்லையா?” என்று மலாயில் கேட்டாள்.

“வந்தது சிக்கு! ஒன்றுகூடத் தொலையவில்லை” என்று காமாட்சியும் மலாயில் சொன்னாள். முகமெல்லாம் சிரிப்பு. டீச்சரின் கையைப் பிடித்து உள்ளே சாமியறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

பிள்ளையார் படத்துக்குக் கீழே ஒரு பித்தளைத் தாம்பாளம். அதில் வெள்ளிக்கிழமைத் தாள்கள் எல்லாம் அடுக்காக இருந்தன. மடிப்பு ஒன்றும் பிரிக்கப்படவில்லை. ஒவ்வொன்றின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது, நடுவில் குங்குமம். மேலே இருந்த தாளில் நேற்றைக்கு வைத்த செம்பருத்தி வாடிக்கிடந்தது. அதுதான் புதன்கிழமையைப் பற்றிய தாள்.

கோயிலிலிருந்து திருவிழாவுக்கு வரும் ஓலையில் அந்தப் பிள்ளையார் சுழி இருக்கும். தமிழ் எழுத்தைக் காமாட்சி பார்த்ததெல்லாம் அதிலும், கோயில் சுவரிலும்தான். வெள்ளிக்கிழமையாகப் பார்த்து, தலையில் சுழி போட்டு, பிள்ளை கையில் டீச்சர் கொடுத்தனுப்புவது வேறு என்னவாக இருக்க முடியும்? பிள்ளைக்குப் படிப்பு வர வேண்டும் என்று எழுதித் தருகிற பிரார்த்தனை. கம்போங் முழுக்க அப்படித்தான் நினைத்தார்கள். பதினைந்து வீட்டிலும் பதினைந்து தட்டு.

“அக்கா, இதைப் படிக்கலியா?”

“கித்தா தாக் தாவு பாச்சா, சிக்கு.” எங்களுக்குப் படிக்கத் தெரியாது என்றாள் காமாட்சி, கொஞ்சம் வெட்கத்தோடு. “என் பாட்டன் காலத்திலேயே அது போய்விட்டது. அதனால்தானே பாக்கியத்தை உங்களிடம் விட்டோம்.” பிறகு பெருமையாக ஒன்று சொன்னாள். “ஒரு நாள் அவள் படித்துக் காட்டுகிறேன் என்று இதை எடுத்தாள். குளிக்காமல் தொடாதே என்று கையில் ஒரு தட்டுத் தட்டினேன்.”

சிவகாமி தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஊருக்கடி உபதேசம், உனக்கில்லையடி என்பார்கள். போய்ப் பார், கேள், தெரிந்தது என்று நீயே முடிவு கட்டாதே என்று பத்து மாதம் பிள்ளைகளுக்கு ஓதியவள், கூப்பிடு தூரத்தில் இருந்த பதினைந்து பெண்களிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. படிக்கத் தெரியுமா? இரண்டே வார்த்தை.

மேலே இருந்த தாளைப் பிரித்து, குங்குமம் விரலில் ஒட்ட ஒட்ட, ஒவ்வொரு வரியாக மலாயில் சொன்னாள். பாதி கேட்கும்போதே காமாட்சிக்கு முகம் வெளுத்துவிட்டது. “இப்போது போய்க் கையெழுத்துப் போட்டால்?” என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் அப்போதுதான் குளித்த ஈரத்தலையோடு வீடு வீடாக ஓடினாள். அரை மணியில் பதினோரு பெண்கள் பிறப்புப் பத்திரங்களை மடியில் செருகிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஏழும் பதினொன்றும் பதினெட்டு. பதினைந்துக்கு மேலேயே இருந்தது. அகப்பட்ட பெச்சாவில் எல்லாம் இரண்டு மூன்று பேராக ஏறிக் கல்வி அலுவலகத்துக்குப் போனார்கள்.

அலுவலகத்தில் யாரும் அவர்களை விரட்டவில்லை. உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். பட்டியல் மதியமே கோலாலம்பூருக்குப் போய்விட்டது, பெற்றோருக்குத் தெரிவிப்பது பள்ளியின் பொறுப்பு, தெரிவிக்கப்பட்டதா என்று அதிகாரி காலையிலேயே கேட்டார், ஆமாம் என்று டீச்சரே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று சொல்லி அந்தத் தாளைக் காட்டினார்கள். அவள் கையெழுத்துத்தான். பதினோரு பெண்களும் சுவரோரமாக நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் பிழைத்திருப்பாள்.

கலியாணசுந்தரம் இரண்டு மனு எழுதினார். இரண்டுக்கும் ஒரே பதில் வந்தது. நகராட்சிக் குடியிருப்புப் பிள்ளைகள் ஏழு பேரும் ஊருக்குள் இருந்த பெரிய தமிழ்ப்பள்ளிக்குப் போவதென்று ஆயிற்று. செட்டிப் பிள்ளைகளுக்கு அது தூரம், நடுவில் பெரிய சாலை. பக்கத்திலேயே மலாய்ப் பள்ளி இருந்தது, வீட்டிலும் அந்தப் பேச்சுதான். அப்பாக்கள் கூடிப் பேசி அங்கேயே சேர்த்துவிட்டார்கள். அதில் தப்புச் சொல்ல ஒன்றுமில்லை. காமாட்சிக்கு மட்டும் ஓர் ஆசை இருந்தது, கோயிலில் பாடுவதைப் புத்தகத்தில் பார்த்துப் படிக்க வீட்டில் ஒருத்தியாவது வேண்டும் என்று. அந்த ஆசை அதோடு போயிற்று.

கடைசி நாளன்று பிள்ளைகள் பெஞ்சுகளை வண்டியில் ஏற்ற ஒத்தாசை செய்தார்கள். எல்லோரும் போன பிறகும் பாக்கியம் போகவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏதோ யோசித்துச் சொற்களை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் படித்த தமிழில் கேட்டாள்.

“டீச்சர், எங்க அம்மாவுக்குப் படிக்கத் தெரியுமான்னு நீங்க ஏன் கேக்கல?”

குற்றம் சொல்கிற குரல் இல்லை. விடை தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டாள், கிணற்றைப் பற்றியும் கொடியைப் பற்றியும் கேட்டதுபோல. அவள் அதுவரை தமிழில் கேட்ட கேள்விகளிலேயே ஒரு பிழையும் இல்லாத கேள்வி அதுதான். சிவகாமி அவளை வீட்டுக்குப் போகச் சொன்னாள். பாக்கியம் கதவை விட்டுவிட்டுப் போனாள்.

ஜனவரியில் சிவகாமியை ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கு மாற்றினார்கள். அங்கே முதல் நாள் ஒரு பையன் எழுந்து, வகுப்பறைச் சுவர் ஏன் பாதி மட்டும் பச்சையாக இருக்கிறது என்று கேட்டான். உட்கார் என்றாள். புத்தகத்தைத் திறந்து ஒரு வரி படித்து, எல்லோரையும் திருப்பிச் சொல்லச் சொன்னாள். மறுநாளும் அப்படித்தான். பணி ஓய்வு பெறும்வரை இருபத்தோரு வருடமும் அப்படியேதான் நடத்தினாள்.

ஒரு வருடம் மேற்பார்வைக்கு வந்த அதிகாரி பின்வரிசையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தார். பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு அவள் சொன்னதைத் திருப்பிச் சொன்னார்கள், ஒருத்தரும் வேறு எதற்காகவும் வாயைத் திறக்கவில்லை. போகும்போது பதிவேட்டில், ‘வகுப்பு மிக அமைதி, முன்மாதிரியான ஆசிரியை’ என்று எழுதிக் கொடுத்தார். அவள் அதைப் படித்துவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டாள்.